பதினான்காம் எண்ணுக்குப் பயிற்சி

இருதயராஜின் இடது தோள் மூன்று முறை கழன்று, மூன்று முறை மாட்டப்பட்டிருந்தது. தமயந்திக்கு அது விரல் வைத்தவுடனேயே தெரிந்துவிட்டது. வலது முழங்காலில் தசைநார் கிழிந்து ஏனோதானோவென்று ஒட்டியிருந்தது. விலாவில் இரண்டு பழைய முறிவுகள். மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. பின்கழுத்துக்குக் கீழே தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டால் உலோகம் போலக் கெட்டியாக இருந்தது.

திண்டுக்கல்லில் பதினாறு வருடங்களாகப் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறவள் அவள். லாரியில் அடிபட்டவர்களையும் கிணற்றில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறாள். இப்படி ஓர் உடம்பைப் பார்த்ததில்லை.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மில்லுல."

"எந்த மில்லுல ஆள இப்படி அடிக்கிறாங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். ஜெசிந்தா சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தமயந்தியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சொல்லுங்க. இவங்ககிட்டச் சொல்லலாம்" என்றாள்.

அவர் சொன்னார்.

"கரூர் ரோட்டுல மூடிப்போன நூல் மில்லு ஒண்ணு இருக்கு. மெஷினையெல்லாம் எடுத்துட்டு உள்ள பாஸ்கெட்பால் கோர்ட்டு போட்டிருக்காங்க. மூணு கோர்ட்டு. நாங்க நாப்பது பேரு. மாவட்ட டீம்ல ஆடுனவங்க, போலீஸ் டீம்ல ஆடுனவங்க, வேலை போனவங்க. பாக்குறதுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. சுவரு பூரா கேமராதான்."

"அப்புறம் யாருக்காக ஆடுறீங்க?"

"எங்கயோ ஒருத்தன் உக்காந்துக்கிட்டு போன்ல விளையாடுறான். அவனுக்கு நாங்க வெறும் பொம்மைப் படம். பயிற்சின்னு ஒரு பொத்தான் இருக்காம். அதை அமுக்குனா தோலுக்கடியில தெச்சிருக்குற இந்தப் பட்டி முதுகுத்தண்டுல கரண்ட விடும்." அவர் கழுத்துக்குப் பின்னால் கைகாட்டினார். "கால் தானா எந்திரிக்கும், டாக்டரம்மா. நாம நிறுத்தணும்னு நெனச்சாலும் நிக்காது. நானூறு தடவை குதிக்கச் சொன்னா நானூறும் குதிக்கும். முட்டி பிஞ்சு தொங்கும்போதும் குதிச்சிருக்கேன். வாந்தி எடுத்துக்கிட்டே குதிச்சிருக்கேன்."

"அதைக் கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கலாமே. எதுக்கு மனுஷங்க?"

"நானும் அங்க இருக்குற இன்ஜினியர்கிட்டக் கேட்டேன். ஒரு உடம்பு எப்படி ஓடும், எப்படி வலிக்கும், எங்க ஒடியும்னு அச்சு அசலாக் கணக்குப் போட ஆகுற கரண்டுக்கு ஆளு மலிவுன்னாரு."

தமயந்தியின் கை அவர் தோள்மீது அசையாமல் இருந்தது.

"என்னைய வெச்சிருக்கவன் ஒரு பைத்தியக்காரன்" என்றார் இருதயராஜ். "மத்தவனெல்லாம் வயசானவங்கள முப்பத்திமூணு தாண்டுனா வித்துடுவான். இவன் விக்க மாட்டேங்குறான். எனக்கு முப்பத்தெட்டு ஆகுது. ஒவ்வொரு தடவை சிறப்புப் பயிற்சி குடுக்கும்போதும் ஒப்பந்தம் ஒரு சீசன் நீளும். நாலு வருஷமா குடுத்துக்கிட்டே இருக்கான்."

"உங்க நம்பர் என்ன?"

"பதினாலு."

"இந்தத் தோள் மொதல்ல எப்போ கழண்டுச்சு?"

"புனித வெள்ளிக்கு மறுநாள். அன்னிக்கு ரெண்டு வேளை குடுத்தான், படுபாவி."

தமயந்திக்கு அந்தச் சனிக்கிழமை நன்றாக நினைவிருந்தது. நிலையத்துக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடி போனில் 'பந்தரங்கம்' என்ற ஆட்டத்தை விளையாடிக்கொண்டிருந்தாள். பதினான்காம் எண்ணுக்குக் காலையில் ஒரு சிறப்புப் பயிற்சி கொடுத்தாள். மாலையில் சும்மா இருக்கிறோமே என்று இன்னொன்றும் கொடுத்தாள். திரையில் 'தோள் விலகல், பத்து நாள்' என்று சிவப்பில் எழுத்து வந்தது. அடடா என்று ஒரு வினாடி வருத்தப்பட்டாள்.

பந்தரங்கத்தில் அவள் பெயர் பெற்றவள். கல்லூரி நாட்களில் அவளே பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள். இருபத்தேழு வயதில் முழங்கால் போய், ஆட்டத்தோடு எல்லாம் நின்றது. வயதானவன் என்று ஓர் ஆட்டக்காரனைத் தள்ளிவிடுவது அவளுக்குப் பொறுக்காது. படித்த படிப்பையெல்லாம் கொட்டி, முப்பத்தைந்துக்கு மேலும் ஓர் ஆட்டக்காரனை ஓடவைப்பது எப்படி என்று விளையாட்டின் விவாதப் பக்கத்தில் நீண்ட கட்டுரை எழுதியிருந்தாள். ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பின்பற்றினார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும், 'மலைக்காற்று' என்ற பெயரில், மாதாமாதம் எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்குப் பயிற்சி வீண், விற்றுவிடுங்கள் என்று. கணக்குத் தெரியாத ஆள் என்று தமயந்தி ஒருமுறை பதில் எழுத, முந்நூறு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"எடுக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா. "தொட்டுப் பாருங்க. நல்லாப் பாருங்க."

இருதயராஜை ஒத்தட அறையில் படுக்கவைத்துவிட்டுத் தமயந்தி திரும்பி வந்தபோது ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். சாத்திய கையாலேயே ஓங்கி ஓர் அறை விட்டாள். தமயந்தியின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"நான்தான் மலைக்காற்று."

தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உண்மைய எழுதுனா நாலு நிமிஷத்துல அழிச்சிடுறாங்க. மூணு தடவை எழுதிப் பாத்தேன். அதான் விளையாட்டுக்காரங்க பாஷையிலயே எழுதினேன். வித்துடுங்க, வித்துடுங்கன்னு நாலு வருஷம் எழுதினேன். நீங்க என்னைக் கணக்குத் தெரியாதவன்னு சொன்னீங்க."

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. படம்னு நெனச்சேன்."

"தெரியாதுன்னு தெரியும். அதனாலதான் கத்தி எடுத்துட்டு வரல. புருஷனக் கூட்டிட்டு வந்தேன்." அவள் குரல் உயரவில்லை. "பதினாலாம் நம்பர வெச்சிருக்கேன், திண்டுக்கல்ல பிசியோ, பொம்பளன்னு கட்டுரையில பெருமையாப் போட்டிருந்தீங்க. இந்த ஊர்ல பொம்பள பிசியோ மூணே பேரு. மத்த ரெண்டு பேரையும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"போலீசு?"

"போனேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தக் காட்டுறாங்க. விருப்பப்பட்டுப் பயிற்சிக்குச் சேந்தாருன்னு இருக்கு. காயத்துக்கு லீவு விடுவாங்க. லீவு முடிஞ்சு மில்லுக்குப் போகலைன்னா பட்டி கால முடக்கிடும். ஒருத்தன் ஓடிப் பாத்தான். பழனி பஸ் ஸ்டாண்டுல இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போய் விழுந்தான். இன்னும் எந்திரிக்கல."

"நான் ஆட்டத்த விட்டே போயிடுறேன்."

"போனீங்கன்னா டீம கம்ப்யூட்டர் எடுத்துக்கும். அதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். எல்லாருக்கும் முழுப் பயிற்சி. நீங்க பயிற்சி குடுக்காம சும்மா உக்கார வெச்சாலும் அதே கதிதான்." ஜெசிந்தா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து கண்ணாடியை எடுத்து அவளிடம் நீட்டினாள். "வித்துடுங்க."

முப்பத்துமூன்றைத் தாண்டியவர்களை விற்றால் அவர்கள் 'முரட்டு வரிசை'க்குத்தான் போவார்கள். அங்கே தவறு என்று ஊதுவதற்கு நடுவர் கிடையாது. ஆறு ஆட்டம். அதோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். தமயந்தி அந்த வரிசையைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ரசனை கெட்டவர்கள் போகிற இடம் என்று நினைத்திருந்தாள்.

"அங்க போனவங்க என்ன ஆகுறாங்க?"

"பத்துல மூணு பேரு செத்துடுறாங்க. ஏழு பேரு வீட்டுக்கு வர்றாங்க. உங்ககிட்ட இருந்தா ஒருத்தரும் வர்றதில்ல."

அன்று மாலை தமயந்தி விவாதப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். தன் பெயர், தொழில், பார்த்த உடம்பு, எல்லாம். மூன்று நிமிடத்தில் அழிந்தது. அதற்குள் இரண்டு பேர் பதில் போட்டிருந்தார்கள். ஒருவர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார். இன்னொருவர், 'அப்படியானால் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். மறுபடி எழுதினால் அணி பறிக்கப்படும் என்று எச்சரிக்கை வந்தது. அவள் அணியில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

காய விடுப்பு முடிய ஒன்பது நாள் இருந்தது. தினமும் காலையில் இருதயராஜ் வந்தார். தோளைச் சுற்றியிருக்கும் தசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பினாள். விழும்போது தலையை எப்படிக் காப்பது, விலாவை எப்படி மூடுவது என்று தரையில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்தார்.

"உங்கள வித்தா முரட்டு வரிசைக்குப் போவீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஓடிப் போவேன், டாக்டரம்மா. ஆறே ஆட்டம். கையோ காலோ போனாப் போகட்டும். எண்ணி முடிக்கிற மாதிரி ஒரு நம்பர் இருக்குல்ல."

பத்தாம் நாள் மதியம் மில் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. வேன் தெருமுனை திரும்பியதும் தமயந்தி பதினான்காம் எண்ணைச் சந்தையில் போட்டாள். இரண்டு நிமிடத்தில் யாரோ வாங்கிவிட்டார்கள். வாங்கியவருக்குப் பெயர் இல்லை. படத்தில் ஒரு பருந்து இருந்தது.

ஆட்டங்கள் ஞாயிறு பதினோரு மணிக்கு. ஜெசிந்தா பூசை முடிந்து நேராக நிலையத்துக்கு வந்துவிடுவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். படத்தில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே புன்னகை. ரத்தம் கிடையாது. ஒருவன் முழங்கையை இன்னொருவன் முகத்தில் இறக்குவான். இறக்கியவனும் வாங்கியவனும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஓரத்தில் எண்கள் மட்டும் மாறும். மூக்கெலும்பு. பார்வை, எழுபது சதவீதம். தாடை.

முதல் ஆட்டத்தில் இருதயராஜுக்கு விலா மறுபடி போனது. இரண்டாவதில் எதிரணி ஆள் ஒருவன் கம்பத்தில் மோதவைக்கப்பட்டு எழவே இல்லை. அவன் படம் மெல்ல வெளுத்து மறைந்தது, புன்னகையோடு. ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்றாவது, நான்காவது ஆட்டங்களில் தமயந்தி சொல்லிக்கொடுத்தபடியே அவர் விழுந்தார். பந்து ஒரு பக்கம் போக, தலையை மடக்கி, விலாவை மூடிச் சுருண்டு விழுவதைத் தமயந்தி பார்த்தாள். "விழுங்க, விழுங்க" என்று அவளையறியாமல் கத்தினாள். ஐந்தாவதில் இடது காது.

ஆறாவது ஆட்டம் முடிய நாற்பது வினாடி இருக்கும்போது எதிரணியின் ஏழாம் எண், கீழே கிடந்த பதினான்காம் எண்ணின் வலது கையை மிதித்தான். பிறகு இடது கையை. பிறகு மறுபடி வலது. சிரித்தபடி பதினேழு முறை மிதித்தான். பக்கத்தில் எண் ஓடியது. ஜெசிந்தா அதைச் சத்தமாக எண்ணினாள்.

மூன்று நாள் கழித்து அவரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். பட்டியைப் பிடுங்கிய இடத்தில் கறுப்பு நூலால் கோணலாகத் தைத்திருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டுக்குக் கீழே கட்டுக்குள் இருந்தன.

"கைய மிதிச்ச பையன் பேரு சுருளிவேல்" என்றார், ஒரு வாரம் கழித்துப் பேச முடிந்தபோது. "தேனிக்காரன். முப்பத்திநாலு வயசு. அவன் காலு மிதிச்சுக்கிட்டு இருக்கு, வாயி அழுதுக்கிட்டு இருக்கு. அண்ணே மன்னிச்சிருங்கண்ணே, அண்ணே மன்னிச்சிருங்கண்ணேங்குறான். காலப் பிடிச்சு இழுக்கப் பாக்குறான், அவன் கையாலயே. முடியல. யாரோ முரட்டு ஆட்டம்னு அமுக்கியிருக்கான். அவ்வளவுதான்."

தமயந்தி அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வருஷம் உங்களுக்குப் பயிற்சி அமுக்குனது நான்தான்."

அவர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மனைவியைப் பார்த்தார். ஜெசிந்தா தலையசைத்தாள்.

அவர் எழுந்தார். பிறகு கட்டுப்போட்ட கையை ஓங்கினார். தமயந்தி கண்ணை மூடவில்லை. கை அவளைத் தாண்டிப்போய் மேசைமேல் இருந்த எவர்சில்வர் தட்டில் இறங்கியது. மறுபடி இறங்கியது. கத்திரியும் இடுக்கியும் நாலாபக்கமும் சிதறின. கட்டு சிவந்து ஊறியது. வலி தாங்காமல் அவரே வாய்விட்டு அலறி, தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார்.

"புனித வெள்ளிக்கு மறுநாளு" என்றார் மூச்சிரைக்க. "எதுக்கு ரெண்டு தடவை?"

"சும்மா இருந்தேன். அதான்."

தமயந்தி கட்டை அவிழ்த்தாள். ரத்தத்தைத் துடைத்து, பிரிந்த தையலைப் பார்த்து, புதிதாகக் கட்டினாள். எழுந்து போகும்போது அவர் வாசலில் நின்று, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

மூன்று மாதம் வந்தார். பத்து விரலில் ஏழு அசையத் தொடங்கின. பிடிக்கத்தான் முடியவில்லை, டம்ளர் கொடுத்தால் நழுவும். இதற்கிடையில் தமயந்தி தன் அணியிலிருந்து இரண்டு பேரை விற்றாள். ஒருவன் வீட்டுக்குப் போனான். இன்னொருவன் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், மூவரும் நிலையத்தில் இருந்தபோது இருதயராஜ் சொன்னார்: "நடுவுல காயத்துக்கு லீவுல கெடந்தது போக, சுருளிக்கு அஞ்சு ஆட்டம் முடிஞ்சிருச்சாம். உசுரோட இருக்கான். வெளிய வந்த பையன் ஒருத்தன் சொன்னான். நாளைக்கு ஒண்ணுதான் பாக்கி."

ஜெசிந்தா பையிலிருந்து போனை எடுத்தாள். "தெரியும். நான் ஒரு டீம் ஆரம்பிச்சிருக்கேன். அவன வாங்கிட்டேன்."

இருதயராஜின் முகம் மலர்ந்தது. அந்த முகம் அப்படி ஆகித் தமயந்தி பார்த்ததே இல்லை. "வாங்கிட்டியா? நெசமாவா? அப்ப நாளைக்கு ஆட வேண்டாமா?"

"வேண்டாம்."

"நல்ல காரியம் பண்ணுன ஜெசி. நாளைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் சாதுவான டீமாப் பாத்து..."

தமயந்தி திரையை எட்டிப் பார்த்தாள். சுருளிவேலின் பொம்மைப் படம், அதே புன்னகை. கீழே இரண்டு பொத்தான்கள்: விற்பனை, சிறப்புப் பயிற்சி. ஜெசிந்தாவின் கட்டைவிரல் பயிற்சிப் பொத்தானின்மேல் இருப்பதைக் கண்டதும் தமயந்தி கையை நீட்டினாள்.

"ஜெசிந்தா, வேண்டாம். அவன் வேணும்னு மிதிக்கல."

"நீங்களும் வேணும்னு அமுக்கல" என்றாள் ஜெசிந்தா. "மெஷினும் வேணும்னு பண்ணல. முரட்டு ஆட்டம்னு அமுக்குனவனும் வெளையாட்டுக்குத்தான் பண்ணினான். அப்ப இவரு கைய ஒடச்சது யாரு?"

அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"வேணும்னு செய்றவ ஒருத்தியாவது இருக்கட்டும்."

அவள் அமுக்கினாள். சிறப்புப் பயிற்சி, குதித்தல், நானூறு. தொடங்கிவிட்டால் நிறுத்த வழி கிடையாது, ஒப்பந்தமும் ஒரு சீசன் நீளும் என்பது அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

இருதயராஜ் மேசையைத் தாண்டிப் பாய்ந்து போனைப் பிடுங்கினார். ஏழு விரல்களும் மடங்கின. ஒரு கணம் பிடித்தும்விட்டார். பிறகு அது நழுவித் தரையில் விழுந்து, திரை மேல்பக்கமாகக் கிடந்தது. அவர் குனிந்து எடுக்கப் பார்த்தார், வரவில்லை. மறுபடி பார்த்தார், வரவில்லை. கீழே பொம்மை சிரித்துக்கொண்டே குதித்தது. ஒன்பது என்றது எண். பத்து என்றது.